ஐந்தாவது அளவு

வீட்டில் இருக்கும் கிரையப் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரம் எழுதிய பக்கத்துக்குப் போங்கள். ‘கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி, ஆக 2,400 சதுரடி’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். படித்தவுடன் மனதில் ஒரு செவ்வகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்திரம் எழுதியவருக்கும், பதிவு செய்தவருக்கும், கடன் கொடுத்த வங்கிக்கும், பணம் கொடுத்த உங்களுக்கும் அதே செவ்வகம்தான். ஆனால் அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். செவ்வகம் என்று அதில் எங்குமே இல்லை. நான்கு நீளங்களும் அவற்றைப் பெருக்கி எழுதிய ஒரு பரப்பும் இருக்கின்றன, அவ்வளவே.

நான்கு குச்சிகளை எடுத்து மூலைக்கு மூலை நூலால் கட்டிப் பாருங்கள். பிடித்து லேசாகத் தள்ளினால் சட்டம் ஒரு பக்கம் சாயும். குச்சி எதுவும் நீளவில்லை, குறையவில்லை. உருவம் மட்டும் மாறிவிட்டது. ஆட்டுப்பட்டிக்குப் படல் கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நான்கு பக்கமும் கழி வைத்த பிறகு குறுக்கே ஒரு கழியைச் சாய்த்துக் கட்டுவார்கள். அந்தக் குறுக்குக் கழி படலை இரண்டு முக்கோணங்களாக்கிவிடுகிறது. மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணம் ஆடாது. நான்கு பக்கமும் தெரிந்த நாற்கோணம் ஆடும். நில அளவைக் கலையின் பாதி இந்த ஒரு உண்மையில் அடங்கியிருக்கிறது.

அந்த 40-க்கு 60 மனையையே எடுத்துக்கொள்வோம். மூலைகள் 90 பாகையாக இருக்க வேண்டிய இடத்தில் 85 பாகையாக இருந்தால் என்ன ஆகும்? நான்கு பக்கமும் பத்திரப்படி சரியாக இருக்கும். பரப்பு 2,400-லிருந்து 2,391-க்கு வரும். ஒன்பது சதுரடிதானே போகட்டும் என்று விட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் பின்பக்க மூலைகள் இரண்டும் பக்கவாட்டில் ஐந்தேகால் அடி நகர்ந்திருக்கும்! உங்கள் மதில் பக்கத்து மனைக்குள் ஐந்தடி போய் நிற்கிறது. மறுபக்கத்துக்காரர் மதில் உங்களுக்குள் வந்து நிற்கிறது. பரப்பை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

காட்டிக்கொடுப்பது ஐந்தாவது அளவு, அதாவது மூலைவிட்டம். சரியான செவ்வகமானால் இரண்டு மூலைவிட்டமும் ஒன்றுபோல 72 அடி ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேலே இருக்கும். 85 பாகை மனையில் ஒன்று ஏறக்குறைய 75 அடி, மற்றது 69 அடி 2 அங்குலம். பரப்பில் ஒளிந்துகொண்ட பிழை மூலைவிட்டத்தில் ஆறடி வித்தியாசமாக வெளியே வந்துவிடுகிறது. கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்கும்போது ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பதும் இதே வேலைதான்.

நம் வருவாய்த்துறை இந்த ஐந்தாவது அளவை என்றைக்கோ எழுதி வைத்துவிட்டது. அது பத்திரத்தில் இருக்காது. எஃப்.எம்.பி. என்று எல்லாரும் சொல்லும் புலப்படத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு தாள். புலத்தைச் சுற்றி ஓடும் எல்லைக்கோட்டுக்கு எஃப் லைன் என்று பெயர். புலத்தின் குறுக்கே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடும் கோடு ஜி லைன், மூலைவிட்டம் இதுதான். வயல் வரப்பு செவ்வகமாக ஓடுவதில்லை. வாய்க்கால் வளைகிற இடத்தில் வளையும், ஒரு பனை மரத்துக்காக ஒதுங்கும். அந்த ஒவ்வொரு வளைவையும் ஜி லைனோடு கட்டுவதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜி லைன் வழியாகவே நடந்து, வளைவுக்கு நேரே வந்ததும் நின்று, எவ்வளவு தூரம் வந்தோம் என்று ஓர் எண்ணையும், அங்கிருந்து செங்குத்தாக வலத்திலோ இடத்திலோ வளைவுக்கு எவ்வளவு என்று இன்னோர் எண்ணையும் எழுதினார்கள். புலம் முழுவதும் சிறுசிறு முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் உடைந்துவிடும். பரப்பு வெறும் கூட்டல் கணக்காகிவிடும்.

இந்த அளவுகள் முதலில் எடுக்கப்பட்ட சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1620-இல் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் வடிவமைத்தது. நீளம் 66 அடி, நூறு கண்ணிகள். அது என்ன 66 என்ற விசித்திர எண் என்று தோன்றும். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே ஓர் ஏக்கர் என்பது ஒரு லட்சம் சதுரக் கண்ணி. அதில் நூற்றில் ஒரு பங்கான சென்ட் ஆயிரம் சதுரக் கண்ணி. நிலம் 250 கண்ணி நீளம், 120 கண்ணி அகலம் என்றால் பெருக்கினால் 30,000. கடைசி மூன்று சுழியை அடித்துவிடுங்கள், 30 சென்ட். மரத்தடியில் நின்றபடி, தாளும் பேனாவும் இல்லாமல் பரப்பு சொல்வதற்காகவே செய்த சங்கிலி அது. இன்றைக்கு நாம் சாதாரணமாக ‘அஞ்சு சென்ட் இடம்’ என்று சொல்லும்போது குண்டரின் சங்கிலியைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறோம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் வாயில் யு.டி.ஆர்., கணக்குகள் ஹெக்டேருக்கும் ஏருக்கும் மாறின. ஓர் ஏர் நூறு சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டரை சென்ட். பட்டாவில் 0.12.50 என்று இருந்தால் பன்னிரண்டரை ஏர், கிட்டத்தட்ட 31 சென்ட். இந்த மாற்றத்தை இன்றும் தலைகீழாகப் படித்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

சங்கிலிக்கு ஒரு நோய் உண்டு. கண்ணிகளும் வளையங்களும் ஒன்றோடொன்று உரசும் இடங்கள் நூற்றுக்கணக்கில். வருடக்கணக்கில் தரையில் இழுபட்டால் ஒவ்வோர் இடமும் மயிரிழை தேய்ந்து சங்கிலி நீண்டுவிடும். நீண்ட சங்கிலி நிலத்தைக் குறைத்துக் காட்டும். நூற்றுக்கு ஒன்று நீண்டிருந்தால் பரப்பில் குறைவது நூற்றுக்கு இரண்டு. ஐந்து ஏக்கர் நிலம் பத்து சென்ட் குறைந்து தெரியும். சோழர் காலத்தில் நிலமளந்த கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் கோடாக வெட்டி வைத்ததன் அருமை இங்கே புரிகிறது. கோல் தேயலாம், உடையலாம். சுவரில் உள்ள கோட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சங்கிலி இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். வெயிலில் இரும்பு நீளும். 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தபோது, நூறடி எஃகுச் சங்கிலியை மரத்தொட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானியும் வைத்து, ஒவ்வொரு கிடப்புக்கும் வெப்பநிலை குறித்துக்கொண்டுதான் நகர்ந்தார். இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களால் போர்த்திய மாபெரும் அளவைக்கு அந்தக் கோடுதான் தொடக்கம். சரிவும் ஏமாற்றும். நில அளவையில் கணக்கு எப்போதும் கிடைமட்டத் தூரம்தான். பத்துப் பாகைச் சரிவில் டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்து நூறு மீட்டர் அளந்தால் உண்மைத் தூரம் தொண்ணூற்றெட்டரை மீட்டர். மலைக்காரர்கள் இதை அநியாயம் என்பார்கள். ஆனால் தேயிலைச் செடி சரிவுக்குச் செங்குத்தாக வளர்வதில்லை, வானத்தைப் பார்த்துத்தான் வளர்கிறது. மழையும் மேலிருந்துதான் விழுகிறது.

சரி, ஐந்தாவது அளவும் கிடைத்துவிட்டது, உருவம் உறுதியாகிவிட்டது. இப்போது அந்த உருவத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆடாத படலையும் பத்தடி தள்ளி நட்டுவிடலாமே. இதற்குத்தான் கல்.

திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை பிடுங்கி முடித்த ஒரு கொல்லையில் எல்லை அளந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பை வெட்டித் தள்ளிவிட்டார் என்பது புகார். சர்வேயர், அவருடைய உதவியாளர், கிராம உதவியாளர், இரண்டு கட்சிக்காரர்கள், வேடிக்கை பார்க்கப் பாதி தெரு. புகார் கொடுத்த பெரியவர் ஒரு வேப்ப மரத்தைக் காட்டி, “எங்கப்பா காலத்துல கல்லு இந்த மரத்தடியிலதான் சார் இருந்துச்சு” என்றார். சர்வேயர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மரம் இருக்கட்டும் பெரியவரே, படம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.”

அவர் முதலில் போனது சண்டை நடக்கும் இடத்துக்கு அல்ல. நாலு கொல்லை தள்ளி, யாருக்கும் தகராறு இல்லாத இரண்டு கற்களிடம். அவற்றுக்கு நடுவில் டேப்பைப் பிடித்து, படத்தில் இருக்கும் தூரம் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அதன் பிறகுதான் அந்தக் கற்களை நம்பினார். அந்த இரண்டிலிருந்தும் தொலைந்த கல்லுக்கு எவ்வளவு தூரம் என்பது படத்தில் இருக்கிறது. ஒரு கல்லிலிருந்து அவ்வளவு தூரத்தில் ஒரு வட்டம், மற்றதிலிருந்து இன்னொரு வட்டம்; இரண்டும் வெட்டும் இரண்டு இடங்களில், படம் காட்டும் பக்கத்தில் உள்ளதில்தான் கல் இருந்தாக வேண்டும். குறித்த இடத்தில் கடப்பாரையைப் போட்டார்கள். ஒரு முழம் இறங்கியதும் ‘ணங்’ என்று சத்தம். மண்ணைக் கையால் தள்ளினால் கல்லின் தலையும் அதில் வெட்டிய குறியும் தெரிந்தன. வேடிக்கை என்னவென்றால், கல் கிடந்தது புகார் கொடுத்த பெரியவரின் உழவுக்குள், வரப்பிலிருந்து இரண்டடி உள்ளே. தள்ளிப் போயிருந்தது அவருடைய வரப்புதான். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அப்ப எங்கப்பாரு தள்ளியிருப்பாரு” என்றார்.

அன்று நடந்தது எஃப்-லைன் அளவை, அதாவது எல்லை அளந்து காட்டுதல். சர்வேயர் அங்கே புதிதாக எதையும் முடிவு செய்யவில்லை. பழைய அளவர் எங்கே கல் நட்டாரோ அங்கே திரும்பப் போய் நின்றார். இது மக்களுக்குப் புரிவதில்லை. ‘அளந்து எனக்கு நியாயம் செய்யுங்கள்’ என்று மனுப் போடுகிறார்கள். அளவர் செய்யக்கூடியது அளப்பது மட்டும்தான்.

உட்பிரிவு அளவை வேறு சாதி. பாகப்பிரிவினையாலோ, ஒரு பகுதியை விற்றதாலோ ஒரு புலம் இரண்டாகும்போது, இல்லாத கோடு ஒன்றை உண்டாக்க வேண்டும். 123/2 என்று இருந்தது 2ஏ, 2பி என்று ஆகும். இங்கே அண்ணன் தம்பிக்குள் வரும் பாதித் தகராறு கணக்குத் தெரியாததால் வருவது. சாலையோரம் நூறடி அகலம், பின்னால் போகப்போகக் குறுகி அறுபதடி, ஆழம் 120 அடி உள்ள ஒரு நிலம். ‘ஆளுக்கு அறுபதடி ஆழம்’ என்று நடுவில் கயிறு கட்டினால் முன்பங்குக்காரருக்கு 5,400 சதுரடி, பின்பங்குக்காரருக்கு 4,200. இரண்டே முக்கால் சென்ட் வித்தியாசம்! சமமாகப் பிரிக்கக் கயிறு சாலையிலிருந்து 52 அடி 7 அங்குலத்தில் விழ வேண்டும். பார்வைக்கு அது ஓரவஞ்சனை போலத்தான் தெரியும். அதனால்தான் பத்திரத்தில் ‘சரிபாதி’ என்று மட்டும் எழுதிவிட்டுக் கிளம்பக் கூடாது.

மனைப்பிரிவு போடுகிற இடத்தில் ஆபத்து வேறு மாதிரி வரும். வரிசையாக இருபது மனை, ஒவ்வொன்றும் நாற்பதடி முகப்பு. முதல் மனையிலிருந்து ஒன்றை ஒட்டி ஒன்றாக அளந்துகொண்டு போகிறார்கள். டேப்பை மிகையாக இழுத்துப் பிடித்ததிலோ, முளைக்குச்சியின் வெளிப்பக்கத்திலிருந்து பிடித்ததிலோ, மனைக்கு இரண்டு அங்குலம் கூடிப்போனால் யாருக்கும் தெரியாது. கடைசி மனைக்காரருக்கு மட்டும் மூன்றடிக்கு மேல் குறையும். பாவம், அவர் யாரிடம் போய்க் கேட்பார்? பத்தொன்பது பேரும் கட்டிக் குடியேறியிருப்பார்கள். முதலில் வரிசையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, பிறகு உள்ளே பிரித்தால் பிழை கூடிச் சேராது. முழுவதிலிருந்து பகுதிக்கு என்பது அளவர்களின் முதல் பாடம். நம் கிராமங்களும் அப்படித்தான் அளக்கப்பட்டன: கிராம எல்லை முதலில் தியோடலைட்டால், அதற்குள் கண்டங்கள், கண்டத்துக்குள் புலங்கள். மனைப்பிரிவில் எல்லாரும் இப்படி அளப்பதில்லை; ஆகவே அங்கே ஓரத்து மனை வாங்குகிறவர் மற்றவர்களைவிட ஒரு மடங்கு கூடுதலாக அளந்து பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் தட்டையான கணக்கு. உயரத்தைப் பற்றிப் புலப்படம் ஒரு வார்த்தை சொல்லாது. ஆட்டோ லெவலை முக்காலியில் நிறுத்தி, ஸ்டாஃபை ஊன்றி ‘லெவல் எடுப்பது’ தனி அளவை. சாலையைவிட மனை எவ்வளவு பள்ளம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அது சொல்லும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகாவது சென்னையில் மனை வாங்குகிறவர்கள் இதற்கு ஒரு நாள் கூலி கொடுக்கத் தயங்கக் கூடாது. கட்டடம் தொடங்கும்போது தூண்களுக்கு மார்க்கிங் போடுவதும் தனி அளவைதான். அதைப் பொறியாளரிடம் விட்டுவிடலாம். நகரங்களில் வார்டு, பிளாக், டி.எஸ். (நகர அளவை) எண் என்று கணக்கே வேறு. கிராம நத்தம் நெடுங்காலம் வீடுவீடாக அளக்கப்படாமல் ஒரே எண்ணாகக் கிடந்தது. அப்படிப்பட்ட குடியிருப்புகளை ட்ரோன் விட்டுப் படமாக்கும் ஸ்வாமித்வா திட்டத்தை மத்திய அரசு 2020-இல் தொடங்கியது.

‘இப்பத்தான் ஜி.பி.எஸ். வந்துடுச்சே, செயற்கைக்கோள் சொல்லிடாதா?’ என்று அடிக்கடி கேட்கிறார்கள். கைப்பேசி ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும். அதை வைத்து எல்லை பேசுவது மதிலை மட்டுமல்ல, வாசலையே பக்கத்து வீட்டில் வைப்பதாகும். அளவர்கள் கொண்டுவரும் டி.ஜி.பி.எஸ். கருவி, இடம் அறிந்த நிலையான ஒரு கருவியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வதால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் சொல்லும். ஆனால் அது சொல்வது நீங்கள் நிற்கும் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை. உங்கள் எல்லை அந்தப் புள்ளிதானா என்று அதற்குத் தெரியாது. பழைய புலப்படங்களில் அட்சரேகை கிடையாது. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கிறது. ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த கருவி வந்தாலும், முதலில் பழைய கல்லைத் தேடி, அதன் தலையில் கருவியை வைத்தாக வேண்டும். கடப்பாரைக்கு இன்னும் ஓய்வு வரவில்லை.

கல்லைப் பிடுங்கிப் போடுவது வெறும் குறும்பு இல்லை. அரசு அதிகாரி நட்ட எல்லைக்குறியை அழித்தாலும் நகர்த்தினாலும் ஓராண்டு வரை சிறை என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவே சொன்னது. டிராக்டர் உழவில் கல் சாய்ந்தால் ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் தங்கள் சாட்சியைத் தாங்களே ஊரைவிட்டு அனுப்புகிறார்கள்.

எந்த அளவையாலும் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று உண்டு: நிலம் யாருடையது? நம் நில அளவைக்கு அடிப்படை 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். அதன்படி முறையாக அளந்து அறிவிக்கப்பட்ட எல்லையில் ஒருவருக்குக் குறை இருந்தால், உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கும் மூன்றாண்டுக் கெடு. பட்டா வருவாய்க் கணக்கே தவிர உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டன. பத்திரத்தில் எழுதிய பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக நான்கெல்லைதான் செல்லும். ‘கூடக்குறைய இருந்தாலும் நான்கெல்லைக்கு உட்பட்டது’ என்று அந்தக் காலப் பத்திர எழுத்தர்கள் ஒரு வரி சேர்த்தது சும்மா இல்லை. அந்த நான்கெல்லை தரையில் எங்கே ஓடுகிறது என்று காட்டுவதோடு அளவரின் வேலை முடிகிறது.

இடம் வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பு புலப்பட நகலை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமப்புறப் புலங்களுக்கு இணையத்திலேயே பார்க்கலாம். நூறடி டேப் ஒன்று, பிடிக்க இன்னோர் ஆள். நான்கு பக்கத்தையும் விற்பவரே அளந்து காட்டுவார். நீங்கள் மூலைக்கு மூலை குறுக்கே பிடியுங்கள். 40-க்கு 60 மனையில் இரண்டு முறையும் 72 அடியும் ஓர் அங்குலச் சொச்சமும் வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.